டீச்சரைக் கேளுங்கள்: பிரித்தானியச் சிரிப்பும் நம் மலையும்

சென்ற இதழில் மிஸ்டர் பீன் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எழுதியவர்கள் பலர். பழைய படங்களைக் கேட்டவர்கள், பிள்ளைகளுக்கு எது நல்லது என்று கேட்டவர்கள், "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கோபித்தவர்கள் என எல்லா விதமும் உண்டு. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க பிரித்தானிய நகைச்சுவைதான்.

மிஸ்டர் பீனைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது டீச்சர். அடுத்து எதைப் பார்க்கலாம்?
– ஒரு தம்பி, ஹட்டன்

நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள் தம்பி. மிஸ்டர் பீன் முதலில் ஒளிபரப்பானது 1990 ஜனவரி 1ஆம் திகதி. மொத்தமே 15 பகுதிகள்தான். கார்ட்டூனும் துண்டு வீடியோக்களும் சேர்ந்து ஏதோ நூற்றுக்கணக்கில் இருப்பதுபோல ஆக்கிவிட்டன. அதை நடித்த ரோவன் அட்கின்சன் ஒக்ஸ்போர்டில் மின் பொறியியல் படித்தவர். பீனில் அவருக்குப் பேச்சு கிடையாது; முகமும் முழங்காலும்தான் பேசும். அதே மனிதர் வாயால் என்ன செய்வார் என்று பார்க்க வேண்டுமா? 'பிளாக்அடர்' பாருங்கள். 1983 முதல் 1989 வரை நான்கு தொடர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் நடக்கும். முதல் தொடரை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். முதலாவதில் நாயகன் வெறும் அசடு. இரண்டாவதில்தான் அவனுக்கு மூளை வருகிறது.

நான்காவது தொடர் முதலாம் உலகப் போரின் பதுங்குகுழியில் நடக்கிறது. தளபதி பாதுகாப்பான மாளிகையில் உட்கார்ந்து கட்டளை போடுகிறார், கீழே உள்ளவர்கள் சேற்றில் கிடக்கிறார்கள். கடைசிப் பகுதியில் எல்லாரும் குழியை விட்டு ஏறி, எதிரியின் துப்பாக்கிகளை நோக்கி ஓடுகிறார்கள். அந்த இடத்தில் சிரிப்பே இல்லை. போர்க்களம் மெல்ல மறைந்து, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் பாப்பிப் பூக்கள் நிறைந்த வயலாகிறது. நகைச்சுவைத் தொடரை இப்படி முடிக்கத் துணிவு வேண்டும்.

பின்னோக்கிப் போக ஆசையிருந்தால் ஒரு தகவல். சார்லி சாப்ளினும், லாரல் ஹார்டியில் ஒல்லியானவரான ஸ்டான் லாரலும் இங்கிலாந்துக்காரர்கள். இருவருமே ஃபிரெட் கார்னோ என்பவரின் மேடைக் குழுவில் பழகியவர்கள். 1910இல் ஒரே கப்பலில் அமெரிக்கா போனார்கள். மிஸ்டர் பீனின் பேசாத சேட்டைக்கும் அந்த மேடைகளில்தான் வேர் இருக்கிறது.

நம்மை அடக்கி ஆண்டவர்களின் நகைச்சுவையை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?
– ஓய்வு பெற்ற தோட்ட உத்தியோகத்தர், தலவாக்கலை

ஐயா, கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். குசினியில் நின்றபடியே அவர் கண்டுகொண்ட உலகம் ஒன்று உண்டு. கங்காணியை அதட்டுகிற கிளாக்கர், சின்னதுரை முன்னால் குனிவார். சின்னதுரை பெரியதுரை முன்னால் குனிவார். கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பரிசோதிக்க விசிட்டிங் ஏஜண்ட் வருகிறார் என்றால், பெரியதுரைக்கே காலையிலிருந்து சாப்பாடு இறங்காது. ஏணியில் எந்தப் படியில் நிற்பவனுக்கும் மேலே இருப்பவனைக் கண்டு பயம். கீழே இருப்பவன் ஏறி வந்துவிடுவானோ என்று இன்னொரு பயம். பிரித்தானிய நகைச்சுவையில் சிறந்ததெல்லாம் இந்தப் பயத்தைத்தான் பிடித்து உலுக்குகிறது. அந்த ஏணியின் அடிப்படியில் பல தலைமுறை நின்றவர்கள் நாம். இதை நம்மைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்?

'டாட்ஸ் ஆர்மி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 முதல் 1977 வரை பிபிசியில் வந்தது, 80 பகுதிகள். இரண்டாம் உலகப் போர்க் காலம். பட்டாளத்துக்கு எடுக்க முடியாத வயதானவர்களும் பொடியன்களும் சேர்ந்து ஒரு கடற்கரை ஊரைக் காவல் காக்கிறார்கள். கப்டன் மெயின்வெரிங் அந்த ஊர் வங்கியின் முகாமையாளர். சாதாரண குடும்பத்தில் பிறந்து, கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவர். அவருக்குக் கீழே சார்ஜண்ட் வில்சன். வங்கியிலும் அவர்தான் உதவியாளர். ஆனால் வில்சன் பெரிய குடும்பம், பெரிய பாடசாலை. பதவியில் கீழே, பிறப்பில் மேலே! மெயின்வெரிங்கின் வயிற்றெரிச்சல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு பகுதியில் வில்சனுக்குக் குடும்பப் பட்டம் ஒன்று கிடைக்கிறது. உடனே ஊர் கோல்ஃப் கிளப் அவரை உள்ளே அழைக்கிறது. மெயின்வெரிங் பல காலம் ஏங்கியும் கிடைக்காத அதே கிளப். தோட்டத்துக் கிளப்புகளில் யார் உள்ளே போகலாம், யார் வாசலோடு நிற்கணும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை பாருங்கள்.

அதற்காக மெயின்வெரிங்கை வெறும் கோமாளியாக நினைத்துவிடாதீர்கள். எதிரி உண்மையிலேயே வந்தால் முதலில் முன்னால் போய் நிற்பவர் அவர்தான். அந்தக் குழுவில் காட்ஃப்ரி என்று மிகவும் மெதுவான ஒரு கிழவர் வருவார். அந்த வேடத்தில் நடித்த ஆர்னல்ட் ரிட்லி முதலாம் உலகப் போரில் சொம் போர்க்களத்தில் படுகாயம் பட்டவர். எழுதியவர்களில் ஒருவரான ஜிம்மி பெரி, பொடியனாக இருந்தபோது அந்தக் காவல்படையிலேயே இருந்தவர். அதனால்தான் அந்தச் சிரிப்பில் அன்பும் கலந்திருக்கிறது.

ஆக ஐயா, நம்மை ஆண்டவர்களை நாம் கொண்டாடவில்லை. அவர்கள் தங்களைத் தாங்களே எப்படி அம்பலப்படுத்திக்கொண்டார்கள் என்பதைப் பார்க்கிறோம். மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறதா, கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறதா என்ற கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொரு படத்தையும் நான் நிறுக்கிறேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
– ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'. யோசிக்கவே மாட்டேன்.

லண்டனின் மேற்குப் பகுதியில் ஈலிங் என்ற இடத்தில் இருந்த ஸ்டூடியோ 1940களின் கடைசியிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை எடுத்த நகைச்சுவைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1949இல் வந்த இந்தப் படம் அவற்றில் ஒன்று. போர் முடிந்தும் சாப்பாட்டுக்குக் கூப்பன் இருந்த காலம். பிம்லிகோ என்ற லண்டன் பகுதியில் வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டு திடீரென்று வெடிக்கிறது. குழிக்குள் புதையலும் ஒரு பழைய பத்திரமும் கிடைக்கின்றன. அந்தப் பத்திரத்தின்படி அந்தத் தெரு இங்கிலாந்தே இல்லை. பர்கண்டி என்ற பழைய நாட்டுக்குச் சொந்தம். நேற்று வரை லண்டன்காரர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் வெளிநாட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். முதலில் கொண்டாட்டம்: கூப்பனைக் கிழித்தெறிகிறார்கள். பிறகு அரசாங்கம் முள்கம்பி போடுகிறது, எல்லையில் பாஸ்போர்ட் கேட்கிறது, தண்ணீரை நிறுத்துகிறது.

தங்கச்சி, இந்தப் படம் வெளிவந்த வருஷத்தைப் பாருங்கள். 1948இல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைக்கும் றப்பருக்கும் உழைத்த நம் சனம் லட்சக்கணக்கில் ஒரு சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். என் தாத்தா விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தே கண்ணை மூடினார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது நம் ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு பிரித்துக்கொண்டன. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு காகிதம் மனிதனை எப்படி அந்நியனாக்கும் என்று லண்டனில் கற்பனையாக எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே வேளையில், நாம் அதை வாழ்ந்துகொண்டிருந்தோம்.

அதனால் கசக்கும் என்று நினைக்க வேண்டாம். முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற லண்டன் சனம், உள்ளே பட்டினி கிடப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தூக்கி வீசுகிற ஒரு காட்சி வரும். "அவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்" என்று அரசாங்கம் சொல்கிறது. சனத்துக்கு அது காதில் விழவே இல்லை. எப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கிவிடும். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கலங்குவது வேறு விதம்.

கிதுல்கலவில் படமெடுத்த அலெக் கின்னஸ் நகைச்சுவை நடிகரா? என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான்.
– பஸ் சாரதி, கினிகத்தேனை

உங்கள் பாதையிலேயே இருக்கும் இடம் அல்லவா! அங்கே எடுத்த 'த பிரிட்ஜ் ஓன் த ரிவர் குவாய்' 1957இல் வந்தது. அதில் அந்த விறைத்த கர்னலாக நடித்ததற்குத்தான் கின்னஸுக்கு ஒஸ்கார் கிடைத்தது. அதற்கு முன்பே அவர் ஈலிங் படங்களின் நட்சத்திரம். 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரொனட்ஸ்' (1949) படத்தில் ஒரு பிரபு குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அவர் ஒருவரே நடித்தார், ஒரு பெண் வேடம் உட்பட. குடும்பம் ஒதுக்கி வைத்த ஒருத்தியின் மகன் ஒவ்வொருவராகக் கொன்று பட்டத்தை நோக்கி ஏறுகிறான். ஏணிக் கதைதான் மறுபடியும். 'த லாவெண்டர் ஹில் மொப்' (1951) படத்தில் அவர் அடக்கமான வங்கிக் குமாஸ்தா. தங்கக் கட்டிகளை ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக உருக்கிக் கடத்துவார். அதன் இயக்குநர் சார்ல்ஸ் கிரைட்டன் பல வருஷம் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1988இல் 'எ ஃபிஷ் கோல்ட் வாண்டா' எடுத்தார். மகனுக்கு அதையும் சொல்லுங்கள்.

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் வரும் சர்தார்ஜி நம்ம ஊர்க்காரராமே? அந்தத் தொடர் நல்லதா கெட்டதா?
– ஒரு வாசகர், கம்பளை

உண்மைதான். ரஞ்சித் சிங்காகத் தலைப்பாகையுடன் வந்த அல்பர்ட் மோசஸ் 1937இல் கம்பளையில் பிறந்தவர். பிறகு இங்கிலாந்தில் குடியேறி நடிகரானார். ஜேம்ஸ் பாண்ட் படங்களிலும் தலைகாட்டியிருக்கிறார். 2017இல் காலமானார். கம்பளையில் அவர் பேரைச் சொல்லி ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தால் தப்பில்லை என்பது என் எண்ணம்.

தொடர் 1977 முதல் 1979 வரை வந்தது, 1986இல் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். லண்டனில் மாலை வகுப்பில் பல நாட்டுக்காரர்கள் இங்கிலீஷ் படிக்கிறார்கள். ஆசிரியர் பிரவுன் பொறுமைசாலி. நான் அதை முதலில் வாடகை வீடியோ கசெட்டில் பார்த்தேன். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வாசல் வரை உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் இங்கிலீஷ் டீச்சராகப் பாடசாலையில் நின்ற பிறகு பார்த்தபோது மனசு ஒப்பவில்லை. அதில் ஒவ்வொருவரும் ஒரு மனிதர் அல்ல, ஒரு நாட்டின் முத்திரை. ஜப்பான்காரர் குனிந்துகொண்டே இருப்பார், இத்தாலிக்காரர் கத்துவார், பிரெஞ்சுப் பெண் மயக்குவார். சிரிப்பின் பெரும்பங்கு அவர்கள் தப்பாகப் பேசுவதில்தான். வகுப்பில் ஒரு பிள்ளை இங்கிலீஷில் எழுந்து ஒரு வசனம் சொல்லி, மற்றவர்கள் சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை அந்தத் தவணை முழுக்க வாய் திறக்காது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இது. கம்பளைக்காரரின் திறமைக்காகப் பாருங்கள். பிள்ளைகளோடு பார்த்தால் கூடவே உட்கார்ந்து பேசுங்கள்.

அதற்கு மருந்து வேண்டுமென்றால் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. பிரித்தானியாவில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகளே எழுதி நடித்தது. முதலில் வானொலியில், பிறகு 1998 முதல் 2001 வரை பிபிசி தொலைக்காட்சியில். 1960இல் பீட்டர் செல்லர்ஸ் முகத்துக்குச் சாயம் பூசி இந்திய டொக்டராக நடித்த படத்தையொட்டி அவரும் சோபியா லோரனும் பாடிய பாட்டின் பெயர் அது. அந்தப் பெயரையே எடுத்துத் தங்கள் நிகழ்ச்சிக்கு வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு காட்சி மிகவும் பிரபலம். பம்பாயில் ஒரு கூட்டம் இரவில் குடித்துவிட்டு இங்கிலீஷ் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறது. வெயிட்டரின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் சிதைக்கிறது, இருப்பதிலேயே சப்பென்று இருக்கும் சாப்பாட்டைக் கேட்டு வீறாப்புப் பேசுகிறது. இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் வெள்ளைக்காரர்கள் செய்வதை அப்படியே திருப்பிப் போட்டது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. தைக்க வேண்டியவர்களுக்குத் தைத்தது.

தொழிற்சங்கம் பற்றி நகைச்சுவைப் படம் இருக்கிறதா? எங்கள் இளைஞர் குழுவில் போட்டுக் காட்டலாம் என்று யோசிக்கிறோம்.
– தோட்ட இளைஞர் ஒருவர், நோர்வூட்

மூன்று படங்கள். மூன்றையும் மூன்று வாரத்தில் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு பேசுங்கள்.

'ஐம் ஓல் ரைட் ஜாக்' 1959. பீட்டர் செல்லர்ஸ் தொழிற்சாலைத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிரெட் கைட்டாக வருகிறார். சட்டையின் பொக்கட்டிலிருந்து நடை வரை அந்த மனிதர் அப்படியே இருப்பார். மேடையில் நிற்கும்போது நம் தலைவர்களில் சிலர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. ஒரு அப்பாவிப் பையன் வேலையைச் சீக்கிரம் முடித்துக் காட்டிவிடுகிறான். அதனால் எல்லாருக்கும் வேலையளவு கூடும் என்று ஸ்ட்ரைக் வெடிக்கிறது. கைட்டின் மனைவியும் வீட்டில் ஸ்ட்ரைக் செய்கிறார்: சமையலும் கிடையாது, துவைப்பும் கிடையாது. முதலாளிகள் பின்பக்கமாக இந்த ஸ்ட்ரைக்கிலேயே காசு பார்க்கத் திட்டமிடுகிறார்கள். படம் சங்கத்துக்கு எதிரானது என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் அப்படித்தான் சாய்கிறது, என்றாலும் முதலாளிகளையும் விட்டுவைக்கவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது 'த மேன் இன் த வைட் சூட்' (1951). மறுபடி அலெக் கின்னஸ், மறுபடி ஈலிங். கிழியாத, அழுக்குப் படாத துணியை ஒருவன் கண்டுபிடிக்கிறான். கிழியாத துணி வந்தால் புதுத்துணி யார் வாங்குவார்கள்? மில் முதலாளிகளும் அவனைத் துரத்துகிறார்கள், மில் தொழிலாளிகளும் துரத்துகிறார்கள். கடைசியில் வழியில் ஒரு கிழவி நிற்கிறாள், துணி துவைத்துப் பிழைப்பவள். துவைக்க ஒன்றுமே இல்லாமல் போனால் என் பாடு என்னாவது என்று அவனிடம் கேட்கிறாள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. கொழுந்து பறிக்கும் மெஷின் வருகிறது என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவிதான் ஞாபகம். உங்கள் குழுவில் அம்மாமார்களையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நன்றாக இருக்கும்.

மூன்றாவது 'பிராஸ்ட் ஓஃப்' (1996). யோர்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கம் மூடப்படுகிறது, சுரங்கத் தொழிலாளிகளின் பேண்ட் வாத்தியக் குழு போட்டிக்குப் போகிறது. சிரிப்பைவிட வலி கூடுதல். தோட்டம் மூடினால் லயமும் போய்விடும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நான் நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். 'ஃபோல்டி டவர்ஸ்' பார் என்று ஒரு வெளிநாட்டு விருந்தாளி சொன்னார். பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், நுவரெலியா

பாருங்கள், ஏப்ரல் சீசன் தொடங்குவதற்கு முன்பே பாருங்கள்! மொத்தம் 12 பகுதிகள்தான்: ஆறு 1975இல், ஆறு 1979இல். ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் எழுதினார்கள். கிளீஸ் தன் 'மொண்டி பைதன்' நகைச்சுவைக் குழு நண்பர்களோடு டோர்கி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியபோது கண்ட முதலாளிதான் இந்த பேசில் ஃபோல்டிக்கு மூலம்.

பேசிலுக்குப் பெரிய மனிதர்கள் தன் ஹோட்டலுக்கு வர வேண்டும். வரும் சாதாரண ஆட்களைக் கண்டால் எரிச்சல். முதல் பகுதியில் ஒருவர் தன்னைப் பிரபு என்று சொன்னதும் காலில் விழாத குறை. அந்தப் பிரபு ஏமாற்றுக்காரன். இன்னொரு பகுதியில் ஹோட்டல் பரிசோதகர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தொணதொணக்கும் ஒரு விருந்தாளியைப் பரிசோதகர் என்று நினைத்துத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். அவர் கரண்டி விற்பவர். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

மனுவெல் என்ற ஸ்பானிய வெயிட்டரைப் பேசில் அடிக்கிறார், தலையில் தட்டுகிறார். அது கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நான் அதைப் பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த ஹோட்டலில் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், உண்மையாக உழைப்பவர் மனுவெல்தான். அசிங்கப்படுவது ஒவ்வொரு தடவையும் பேசில். மனுவெலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்து, நாஜிகளுக்குப் பயந்து சிறுவயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு ஓடிவந்தவர். புது மொழிக்குள் வந்து விழுந்த ஒருவனின் தவிப்பு அவருக்குத் தெரிந்திருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு கூச்சமில்லாமல் பார்க்க என்ன இருக்கிறது?
– ஓர் அம்மா, நானுஓயா

'வொலஸ் அண்ட் குரொமிட்'. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். நிக் பார்க் என்பவர் களிமண் பொம்மைகளை இம்மியிம்மியாக நகர்த்தி எடுத்தவை. அசட்டுத்தனமாக மெஷின் செய்கிற ஒருவர், வாய் பேசாத அவருடைய நாய். புத்தி முழுவதும் நாயிடம். 'த ரோங் ட்ரவுசர்ஸ்' (1993) அரை மணிநேரம்தான், அதன் கடைசியில் பொம்மை ரயில் துரத்தல் வருகிறது. பிள்ளைகள் திரும்பப் போடச் சொல்வார்கள். உங்கள் பக்கத்தில் லீக்ஸும் கரட்டும் போடாத வீடு ஏது? அப்படியானால் 2005இல் வந்த முழுநீளப் படத்தையும் பாருங்கள். ஊர் முழுக்கப் பெரிய காய்கறிப் போட்டிக்குத் தயாராகும்போது ஒரு ராட்சத முயல் தோட்டங்களை மேய்கிறது. இரண்டும் ஒஸ்கார் வாங்கியவை.

மொழியே வேண்டாமென்றால் 'ஷோன் த ஷீப்'. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 'பாடிங்டன்' என்ற கரடியின் முதல் இரண்டு படங்கள், 2014, 2017. இரண்டாவதுதான் மேல்.

இரட்டை அர்த்தச் சிரிப்புக்குப் பேர்போன 'கரி ஓன்' படங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1958 தொடங்கி முப்பதுக்கு மேல் எடுத்தார்கள். சில நல்ல நடிகர்கள் அதில் வீணானார்கள். பிள்ளைகளோடு வேண்டாம், பெரியவர்களுக்கும் ஒன்றிரண்டு போதும்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். 'யெஸ் மினிஸ்டர்' உதவுமா?
– மாணவி, ஹப்புத்தளை

பரீட்சைக்கு எவ்வளவு உதவும் என்று உங்கள் சேர் சொல்லட்டும். வாழ்க்கைக்கு உதவும். 1980 முதல் 1984 வரை 'யெஸ் மினிஸ்டர்', 1986 முதல் 1988 வரை 'யெஸ் பிரைம் மினிஸ்டர்'. அமைச்சர் ஹக்கர் வாக்குக்குப் பயப்படுகிறார். அவருடைய நிரந்தரச் செயலாளர் சேர் ஹம்ஃப்ரி எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்கிறார். யார் ஆள்கிறார்கள் என்பது கதை. அன்றைய பிரதமர் மார்கரெட் தட்சருக்கே இது மிகவும் பிடித்த தொடர்.

1981இல் வந்த ஒரு பகுதியில் புது ஆஸ்பத்திரி ஒன்று. அதில் ஐந்நூறு நிர்வாக ஊழியர்கள், ஒரு நோயாளி கூட இல்லை. நோயாளி இல்லாததால்தான் அது மிக நன்றாக நடக்கிறது என்று அதிகாரிகள் வாதாடுகிறார்கள். கட்டடமும் திறப்பு விழாக் கல்லும் இருந்து டொக்டர் இல்லாத இடங்களை நம் பக்கத்தில் பார்த்தவள் நான். ஹம்ஃப்ரி பேசும் நீண்ட வசனங்கள் உங்களைக் குழப்புவதற்காகவே எழுதப்பட்டவை, பயப்பட வேண்டாம். திரையின் அடியில் வரும் எழுத்துகளை (சப்டைட்டில்) போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அப்பா தனியாக லயத்தில் இருக்கிறார். சிரிக்கவும் வேண்டும், கொஞ்சம் மனசுக்கும் ஏதாவது வேண்டும் டீச்சர்.
– ஒரு தம்பி, மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்குப் போனவர்

உங்களுக்கு 'ஸ்டெப்டோ அண்ட் சன்'. 1962இல் தொடங்கி, இடையில் நின்று, 1974 வரை வந்தது. எழுதியவர்கள் ரே கால்டனும் அலன் சிம்சனும். அப்பனும் மகனும் குதிரை வண்டியில் பழைய சாமான் சேர்த்து விற்பவர்கள். மகன் ஹரல்டுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. புத்தகம் படிக்கிறான், நல்ல இசை கேட்கிறான், மேலே போக வேண்டும் என்று துடிக்கிறான். அப்பன் ஒவ்வொரு தடவையும் ஏதாவது செய்து காலை இழுக்கிறார். வெளியே பார்த்தால் கெட்ட கிழவர். உள்ளே தனியாகிவிடுவோமோ என்ற நடுக்கம்.

முதல் பகுதியில் மகன் கோபித்துக்கொண்டு தன் சாமான்களை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறான். அப்பன் குதிரையைக் கொடுக்க மறுக்கிறார். தானே இழுத்துப் போகிறேன் என்று முயல்கிறான். வண்டி அசையவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்து அப்படியே உடைந்து அழுகிறான். அப்பன் மெல்ல உள்ளே கூட்டிப் போகிறார். 1962இல் நகைச்சுவை என்று தொலைக்காட்சியைப் போட்டவர்கள் இதைப் பார்த்தார்கள்.

அப்பா–மகன் சண்டை என்று தூக்கிப்போட முடியாது இதை. வசதி இல்லாத வீட்டில் ஒருவர் மேலே போவதும் இன்னொருவர் பின்தங்குவதும் எவ்வளவு பெரிய பாடு என்று தெரிந்தவர்கள் எழுதியது. தம்பி, லீவுக்கு ஊருக்கு வரும்போது போனில் இறக்கிக்கொண்டு வந்து அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். இங்கிலீஷ் புரியாவிட்டாலும் அந்தக் கிழவரின் முகம் புரியும்.

இப்போது வருபவற்றில் நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா?
– ஒரு வாசகி, பதுளை

ரொமேஷ் ரங்கநாதன். 1978இல் இங்கிலாந்தின் கிரோலி நகரில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மேடைக்கு வரும் முன் கணித ஆசிரியராக இருந்தவர்; அதனாலேயே எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். 'ஏசியன் புரொவோகேட்டர்' என்ற தொடரை 2015இல் பிபிசி வெளியிட்டது. வேரே தெரியாமல் வளர்ந்துவிட்டான் என்று அம்மா அவரை இலங்கைக்கு அனுப்பி வைக்கிறார். சொந்தக்காரர்கள், கோயில், சாப்பாடு, தமிழ் தெரியாத தடுமாற்றம் எல்லாம் அதில் வரும். சிரிப்பு இங்குள்ளவர்களைப் பார்த்து அல்ல, லண்டன் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய அவரைப் பார்த்துத்தான். எல்லாவற்றையும் தாண்டி அவருடைய அம்மா வரும் காட்சிகளே என் கணக்கில் முதலிடம். அந்த அம்மா மகனைத் திட்டும் விதத்தில் பதுளைக்கும் கிரோலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் தொடரைப் பாருங்கள். இரண்டாவதில் அவர்கள் அமெரிக்கா போய்விடுகிறார்கள்.